நான்கு வருடமாக விமான தூர ஆப்: தூரம் சரி, நேரம்தான் தப்பு

நேற்று ஒரு நண்பர் கேட்டார்: "லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கேவுக்கு நீ சொன்ன ஆப் ஏழு மணி நேரம் காட்டுகிறது, டிக்கெட்டில் எட்டு மணி நேரம் போட்டிருக்கிறதே, எதை நம்புவது?" டிக்கெட்டைத்தான் நம்ப வேண்டும். நான்கு வருடமாக அந்த ஆப்பில் எனக்கு எரிச்சலே இந்த ஒரு விஷயம்தான்.

தூரத்தில் குறையே சொல்ல முடியாது. ஹீத்ரோ, ஜேஎஃப்கே இடையே சுமார் 5,540 கிலோமீட்டர் என்கிறது, சரிதான். உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எப்படிப் போகுமோ அந்தக் கோட்டைத்தான் வரைபடத்தில் வரைகிறது. தட்டையான படத்தில் அது வடக்கே வளைந்து தெரியும். முதல் தடவை பார்த்தபோது வியந்துபோய் உலக உருண்டையை எடுத்து வைத்து நூல் பிடித்தே பார்த்தேன். இன்றைக்கும் அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் நேரம். தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்க்கிறது, அவ்வளவுதான். போகவும் ஏழு, வரவும் ஏழு. காற்று என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அட்லாண்டிக்குக்கு மேலே பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் காற்று, குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். நியூயார்க் போகும்போது சீட்டுக்கு முன்னால் இருந்த திரையில் தரைவேகம், அதாவது தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகம், மணிக்கு 780 கிலோமீட்டர் என்று நின்றது. திரும்பி வரும்போது அதே திரையில் 1,050. 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் புயல்காற்று பின்னால் தள்ள, ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே ஹீத்ரோவில் இறங்கியது. அன்றைக்கும் ஆப்பில் ஏழுதான்.

சரி, காற்று தினமும் மாறும், மன்னிக்கலாம். ஆனால் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு? சுமார் 7,800 கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரப் பயணமாக இருந்தது. 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடியபின் சுற்றிப் போக வேண்டியதால் 13 மணி நேரம் வரை ஆகிறது. ஆப் இன்னும் ரஷ்யாவுக்கு மேலேயே கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனை அப்டேட் வந்தது, ஐகான் நிறம்கூட இரண்டு முறை மாறியது, இதை மட்டும் யாரும் தொடவில்லை. இந்த நேரத்தை நம்பி ஒருவர் அடுத்த விமானத்தைப் பதிவு செய்தால் என்ன ஆகும்?

"தோராயமாக" என்ற ஒரு வார்த்தை போட்டிருந்தாலே எனக்குக் கோபம் வந்திருக்காது. நண்பரிடம் ஆப்பை அழித்துவிடச் சொல்லிவிட்டேன். என் போனில் அது இருக்கிறது, அந்தக் கோட்டுக்காக.