வடிதயிருக்கு எந்த மாம்பழம்: செந்தூராவா, அல்போன்சாவா, பெங்களூராவா?

கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு மே மாதத்தில் இனிப்புக்குக் கடைக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. வீட்டில் மாம்பழக் கூடை இருக்கிறது, தயிரும் இருக்கிறது. தயிரைத் துணியில் கட்டி வடித்து, பழம் கலந்து, குளிர வைத்தால் வேலை முடிந்தது. மராட்டியர்கள் வடித்த தயிரில் மாம்பழமும் சர்க்கரையும் கலந்து செய்யும் ஆம்ரகண்டின் ஒல்லித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை குறைவு, வயிற்றுக்கும் லேசு. ஆனால் எந்தப் பழம் என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. போன மே கடைசியில் மூன்று ரகமும் ஒன்றாகக் கிடைத்தன. ஒரே தயிரில் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் தயிர். 1 லிட்டர் பசும்பாலை இரவில் உறை ஊற்றினேன். காலையில் உறைந்ததும், புளிப்பு ஏறும் முன்பே, பழைய வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரத்தோடு பிரிட்ஜுக்குள் தள்ளினேன். குழாயில் கட்டித் தொங்கவிடுவது நம்மூர் வெயிலுக்கு ஆகாது. தண்ணீர் வடிவதற்குள் தயிர் புளித்துப்போகும். 8 மணி நேரத்தில் 400 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது, அதுதான் பதம். பாக்கெட்டில் வரும் கிரீக் தயிரும் உதவும். ஆனால் சிலவற்றில் கெட்டிக்காக மாவுப்பொருள் சேர்த்திருப்பார்கள், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். எருமைப்பால் தயிர் இன்னும் கெட்டிதான். லேசாக வேண்டும் என்றால் பசும்பால் போதும்.

அல்போன்சாவை நம் பக்கம் காதர் என்றும் சொல்வார்கள். நார் இல்லை, வாசனைக்குக் குறை இல்லை. 200 கிராம் கூழ், 3 ஸ்பூன் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். ஏலக்காய்கூட வேண்டாம், பழத்தின் மணத்தை அமுக்கிவிடும். வாயில் வைத்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் விலை? மூன்றிலும் அதிகம் அதற்குத்தான்.

செந்தூரா என் செல்லம். தோள்பட்டையில் சிவப்பு ஏறியிருக்கும், நல்ல இனிப்பு, விலையும் கைக்கு அடக்கம். குறை என்னவென்றால் சாறு அதிகம். கூழாக அடித்துச் சேர்த்ததும், எட்டு மணி நேரம் வடித்த தயிர் ஐந்து நிமிஷத்தில் பழைய தயிராகிவிட்டது. எட்டிப் பார்த்த அத்தை, "ஏம்மா, தயிர்சாதத்துல சோறு போட மறந்துட்டியா?" என்று கேட்டார். மறுநாள் கூழை அடிகனமான வாணலியில் ஊற்றி, சிறு தீயில் கிளறிக் கொஞ்சம் சுண்டவைத்தேன். ஓரம் ஒட்டாமல் திரளும்போது இறக்கி, நன்றாக ஆறவிட்டுக் கலந்தேன். சூடாகச் சேர்த்தால் தயிர் திரிந்துபோகும். இந்த முறை நின்றது. சிறிது நார் இருந்ததால் சல்லடையில் ஒருமுறை தேய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

பெங்களூராவை, அதாவது கிளிமூக்கை, கூழ் ஆலைக்குப் போகிற பழம் என்று நாமே மட்டமாகப் பேசுகிறோம். கூழாக்கித் தயிரில் போட்டபோது எனக்கும் ஏமாற்றம்தான். தயிரும் புளிப்பு, பழமும் லேசான புளிப்பு, மணமும் பெரிதாக இல்லை. அப்புறம் அதே பழத்தை விரல் நுனி அளவு துண்டுகளாக நறுக்கிப் போட்டேன். சதை கெட்டி என்பதால் அரைநாள் கழித்தும் தண்ணீர் விடவில்லை, துண்டு துண்டாகவே நின்றது. பல்லில் படும்போது அந்தப் புளிப்பும் பிடித்துப்போயிற்று. டின்னில் வரும் கூழையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். வேகவைத்த வாடை அடித்தது, அத்தோடு விட்டுவிட்டேன்.

சரி, யாருக்கு என் ஓட்டு? விருந்தாளி வந்தால் அல்போன்சா. நமக்கென்றால் சுண்டவைத்த செந்தூரா கூழ் அடியில், பெங்களூரா துண்டுகள் மேலே. இந்த இரண்டும் சேர்ந்தால் தனி அல்போன்சாவைவிட எனக்குப் பிடித்திருக்கிறது, செலவும் குறைவு. ஒன்று மட்டும்: கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் வேண்டாம். தோல் மஞ்சளாக இருந்தாலும் உள்ளே பச்சைப் புளிப்புதான், வடிதயிரில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். காயாக வாங்கி வைக்கோலில் வைத்தால் நாலைந்து நாளில் நீங்களே பழுக்க வைக்கலாம்.

மாம்பழம் தீர்ந்தால் அன்னாசியைப் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்து, சற்று நேரத்திலேயே கசப்பேற்றிவிடும். சர்க்கரையோடு கொதிக்கவிட்டு ஆறவைத்தால் கசக்காது.

வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் சப்பாத்தி மாவு பிசைந்தேன். அத்தை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மூன்று சாப்பிட்டார்.