ஸ்டியரிங் சர்வோ போனால்: கியர் மாற்றுவதா, எம்ஜி996ஆர் போடுவதா, 20 கிலோ டிஜிட்டலுக்குப் போவதா?

ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி காரில் முன்சக்கரங்களைத் திருப்புவது சர்வோ என்ற சின்ன மோட்டார் பெட்டி. ஸ்டியரிங் மக்கர் செய்தால் பலரும் யோசிக்காமல் செய்வது, பெரிய மெட்டல் கியர் சர்வோ ஒன்றை ஆர்டர் போடுவதுதான். பாதி நேரம் அது தண்டச் செலவு. பல் உடைந்த சர்வோவுக்கும், கரண்ட் போதாமல் திணறும் சர்வோவுக்கும் மருந்து ஒன்றல்ல. எது போனது என்று தெரிந்த பிறகுதான் எதை வாங்குவது என்ற பேச்சே வரும். டாமியா டிடி-02 போன்ற 1/10 அளவு கார்களையும், அவற்றில் உட்காரும் ஸ்டாண்டர்டு அளவு சர்வோவையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் சர்வோவின் தண்டில் மாட்டியிருக்கும் கையான ஹார்னைக் கழற்றிவிட்டு, ரிமோட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். சர்வோவின் தண்டு இரண்டு பக்கமும் சீராகப் போய் வந்தால் சர்வோ நல்லபடியாக இருக்கிறது. சந்தேகப்பட வேண்டியது வளைந்த ராடையும், இடுக்கில் சிக்கிய கல்லையும், தளர்ந்துபோன சர்வோ சேவரையும்தான் (மோதலின் அடி சர்வோவுக்குப் போகாமல் வளைந்து தாங்கும் பாகம்). உள்ளே மோட்டார் 'ஙொய்' என்று சுற்றுகிறது, தண்டு மட்டும் அசையவில்லை என்றால் பல் போய்விட்டது. நடுவில் ஏதோ ஒரு இடத்தில் மட்டும் துடிக்கிறது என்றால் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் தடம் தேய்ந்திருக்கும்.

சத்தமே இல்லையா? டிரைவ் மோட்டாரின் வயர்களைக் கழற்றிவிட்டு, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் சர்வோவையும் இஎஸ்சியையும் (டிரைவ் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இடம் மாற்றிச் செருகி, ரிமோட்டின் வேக டிரிகரை இழுத்துப் பாருங்கள். இப்போது சர்வோ திரும்பினால் குற்றம் ரிசீவரின் முதல் சேனலிலோ ரிமோட்டின் ஸ்டியரிங் பக்கத்திலோ இருக்கிறது. சர்வோ டெஸ்டர் ஒன்று கையில் இருந்தால் ரிமோட்டே வேண்டாம். 1000 முதல் 2000 மைக்ரோ செகண்ட் வரையிலான பல்ஸை அதுவே கொடுக்கும். 1500-இல் சர்வோ நடுவில் நிற்க வேண்டும்.

இன்னொரு அறிகுறியைப் பலர் கவனிப்பதில்லை. கையில் தூக்கிப் பிடித்தால் ஸ்டியரிங் ஜோராக வேலை செய்யும். தரையில் வைத்து முழுசாகத் திருப்பினால் ரிசீவர் விளக்கு அணைந்து அணைந்து எரியும், கார் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். இது பிஇசி, அதாவது ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் கொடுக்கும் இஎஸ்சியின் சர்க்யூட், தாங்காததன் அடையாளம். இதற்குப் பெரிய சர்வோ போட்டால் நோய் முற்றும்.

சரி, கோளாறு சர்வோவுக்குள்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது மூன்று வழிகள்.

பல் மட்டும் போயிருந்தால் கியர் செட் மாற்றுவதுதான் என் முதல் தேர்வு. அடிப்பக்கம் உள்ள நான்கு நீள ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேல்மூடியை மெதுவாகத் தூக்கினால் கியர்கள் அடுக்கடுக்காகத் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கடைசிக் கியரிலோ அதற்கு முந்தையதிலோ இரண்டு மூன்று பற்கள் மழுங்கி, கிரீஸில் துகள்களாக ஒட்டியிருக்கும். அந்தத் துகள்களைச் சுத்தமாகத் துடைத்தெடுக்காமல் புதுக் கியரைப் போட்டால் அதையும் அவை தின்றுவிடும். சிக்கல் ஒன்றுதான்: கியர் செட் அந்த மாடலுக்கென்றே கிடைக்க வேண்டும். நல்ல கம்பெனி சர்வோக்களுக்குக் கிடைக்கும். மலிவு சர்வோவுக்குத் தேடுவதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாம். பொட்டென்ஷியோமீட்டரோ போர்டோ போயிருந்தால் இந்த வழி கிடையாது.

எம்ஜி996ஆர், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டாலும் ஆன்லைனில் தேடினாலும் சில நூறு ரூபாய்க்கு உடனே கைக்கு வருகிற சர்வோ. 55 கிராம் எடை. 6 வோல்ட்டில் 11 கிலோ (கிலோ-செ.மீ.) டார்க், அதாவது திருப்பும் பலம், என்கிறது டேட்டாஷீட். உலோகக் கியர் என்பதால் பல் லேசில் போகாது. ஆனால் காரின் ஸ்டியரிங்குக்கு இதை நான் மனமாரச் சொல்ல மாட்டேன். ஹார்னை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தண்டில் லூசு தெரியும். திருப்பிவிட்டு விட்டால் நடுப்புள்ளிக்குத் துல்லியமாகத் திரும்பாது. நேர்ச்சாலையில் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், ரிமோட்டில் நடுப்புள்ளியைச் சரிக்கட்டும் டிரிம் வைத்தும் அடங்காது. தண்ணீரும் ஆகாது. போதாததற்கு, அதே பெயர் ஒட்டிய நகல்கள் சந்தையில் ஏராளம். பாறைமேல் மெதுவாக ஏறும் கிராலருக்கோ பழகுகிற பிள்ளைகளின் காருக்கோ சரி. வேகமாக ஓட்டுகிறவருக்கு ஆகாது.

டிஎஸ்3218 போன்ற 20 கிலோ டிஜிட்டல் சர்வோக்கள் வேறு ரகம். சாதாரண அனலாக் சர்வோ மோட்டாருக்கு நொடிக்கு 50 தடவை கட்டளை கொடுத்தால், டிஜிட்டல் சுமார் 300 தடவை கொடுக்கும். அதனால் சக்கரம் கல்லில் மோதினாலும் பிடியை விடாது. நடுப்புள்ளியும் உறுதியாக இருக்கும். தண்ணீருக்கும் தூசிக்கும் அடைப்பு வைத்தவையும் கிடைக்கின்றன. பெரிய டயர் போட்ட ஷார்ட் கோர்ஸ் டிரக்குக்கு இதைத்தான் போட வேண்டும். டிடி-02 மாதிரி இலகுவான டூரிங் காருக்கு இவ்வளவு டார்க் தேவையே இல்லை. அந்த கிட்டோடு வரும் பிளாஸ்டிக் சர்வோ சேவர் மெத்தென்று வளையும். 20 கிலோ பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் அங்கேயே கரைந்துவிடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஹை டார்க் சர்வோ சேவரையும் சேர்த்து வாங்குங்கள். சேவரை எடுத்துவிட்டு நேரடி ஹார்ன் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். உலோகப் பல் உடையாது என்றால் அடி வேறெங்காவது போய் இறங்கும். சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளோ, சர்வோவைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காதோ உடையும்.

கரண்ட் கணக்கையும் பார்க்க வேண்டும். எம்ஜி996ஆர் அசையவிடாமல் பிடித்தால் 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும். பெரிய டிஜிட்டல்கள் சில அதற்கு மேலும் கேட்கும். மலிவான பல இஎஸ்சிகளில் பிஇசி 2 ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. எப்போதாவது ஒரு தடவைதான் விளக்கு அணைகிறது என்றால், ரிசீவரின் காலிச் சேனலில் 4700 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். அடிக்கடி நடந்தால் 5 ஆம்பியர் தனி பிஇசி வேண்டும். அதை இணைக்கும்போது, ரிசீவருக்கு வரும் இஎஸ்சி பிளக்கிலிருந்து சிவப்பு வயரை மட்டும் வெளியே இழுத்து டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு பிஇசிகளும் ஒரே ரிசீவரில் மோதிக்கொள்ளக் கூடாது.

எதை வாங்கினாலும் தண்டின் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். ஃபுடாபா வகைக்கு 25, ஹைடெக்குக்கு 24, பழைய ஜேஆர், சான்வாவுக்கு 23. 24 பல் தண்டில் 25 பல் ஹார்னை அழுத்தி ஏற்றினால் உட்காருவது போலத்தான் இருக்கும், முதல் மோதலில் வழுக்கும். உலோகத் தண்டுக்கு எம்3 ஸ்க்ரூவும், அது தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக் ஒரு சொட்டும் போடுங்கள். அப்புறம், காரின் பழைய சர்வோவிலிருந்து மூன்றுக்குப் பதில் ஐந்து வயர்கள் வந்தால் இந்த அலசல் அந்தக் காருக்குப் பொருந்தாது. சர்வோவை இயக்கும் சர்க்யூட் அங்கே ரிசீவர் போர்டிலேயே இருக்கிறது. அதே பாகத்தைத் தேடிப் போடுங்கள், இல்லையென்றால் ரிசீவர், இஎஸ்சி, ரிமோட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.