வாடாமல்லியும் அரக்கும்: கிம்ப்பில் எட்டு ஆண்டுகள்

"படத்தில் ஊதா, கையில் வந்தது வாடாமல்லி" என்று எழுதி, ஒரு வாடிக்கையாளர் சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது முழுக்க உண்மை. டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படத்தில் வாடாமல்லி நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தது; சேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே ஏற்றிவிட்டேன். அது நடந்தது 2017இல். அன்றிலிருந்து காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிகளில் நெய்யும் சேலைகளின் படங்களை கிம்ப் மென்பொருளில்தான் திருத்திவருகிறேன். 2.8, 2.10, இப்போது 3.0 என மூன்று பதிப்புகளிலும் வேலை செய்திருக்கிறேன். விலை இல்லை என்பதால் தொடங்கினேன். படத்தின் வெளிச்சத்தையும் நிறச் சமநிலையையும் சரிசெய்யும் லெவல்ஸ் கருவி கைக்குப் பழகிவிட்டதால் இதிலேயே நின்றுவிட்டேன்.

அந்தக் கருவியில் மூன்று சொட்டுக் குழாய்கள் உண்டு: கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று. எனக்குச் சோறு போடுவது சாம்பல்தான். சேலையோடு ஒரு சாம்பல் அட்டையையும் வைத்துப் படமெடுத்து, அட்டையின் மீது அந்தக் குழாயால் ஒருமுறை சொடுக்கினால், விளக்கின் சாயம் படம் முழுவதிலிருந்தும் இறங்கிவிடும். முதல் ஆண்டு முழுவதும் அட்டைக்குப் பதிலாக வெள்ளை ஏ4 தாளை வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் எல்லாம் மெல்லிய மஞ்சள் பூசிக்கொண்டு நின்றன. காரணம் பிறகுதான் தெரிந்தது: தாளைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி விடுகிறது. தாளில் இருக்கும் அந்த நீலத்தை மென்பொருள் ஈடுகட்டப் போய், சேலைக்கு மஞ்சள் ஏறிவிடுகிறது. சேலையைப் படமெடுப்பவர்கள் தயவுசெய்து சாம்பல் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சாயம் இறங்கிய பிறகும் வாடாமல்லி அடங்காது. அதற்கு, நிறச்சாயலையும் (ஹியூ) செறிவையும் (சாச்சுரேஷன்) மாற்றும் ஹியூ-சாச்சுரேஷன் கருவிக்குப் போவேன். அங்கே ஆறு நிறங்கள் வட்டமாக இருக்கும். ஊதா கலந்த சிவப்பான மஜந்தாவை மட்டும் தேர்ந்தெடுத்து ஹியூவைச் சிவப்பின் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால், ஜரிகையின் பொன்னிறம் தொடப்படாமலே உடல் நிறம் மட்டும் திரும்பும். ஆனால் வாடாமல்லி, மஜந்தாவுக்கும் சிவப்புக்கும் இடையில் நிற்கும் நிறம். மடிப்புகளில் ஒரு பகுதி மாறி, ஒரு பகுதி மாறாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். ஓவர்லாப் என்ற நகர்த்தியை உயர்த்தினால் அந்தத் திட்டுகள் கரைந்துவிடும். பலர் அதைத் தொடுவதே இல்லை.

சாச்சுரேஷனை ஏற்றி நிறத்தைத் தூக்கிக் காட்டும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். மாம்பழ மஞ்சளுக்குச் செறிவு வேண்டுமென்றால் ஹியூ-குரோமா கருவியில், வெளிச்சத்தைத் தொடாமல் செறிவை மாற்றும் குரோமாவை மட்டும் கூட்டுகிறேன். வெளிர்வும் அடர்வும் இடம் மாறாமல் இருப்பதால் பட்டின் பளபளப்பு தப்பிக்கிறது.

அரக்குதான் என்னை அதிகம் வாட்டியது. முதலில் திருத்திய அரக்குச் சேலையின் படத்தை அப்பாவிடம் காட்டியபோது, "இது அரக்கு இல்லையம்மா, குங்குமம்" என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்புச் சேனலை (சிவப்பு நிறத்தின் அளவை மட்டும்) தனியாகத் திறந்து பார்த்தேன். மேடு முழுவதும் வலது ஓரத்தில், உச்ச அளவான 255இல் முட்டிக்கொண்டிருந்தது. அங்கே முட்டிய இடங்களில் நூலின் ஏற்ற இறக்கம் பதிவாகவே இல்லை. பிறகு எவ்வளவு இருட்டாக்கினாலும் தட்டையான சிவப்புதான் வரும். இப்போது அரக்கை எடுக்கும்போது கேமராவில் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துவிட்டு, வளைகோட்டை இழுத்து வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் கருவியில் பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகப் பிடித்துச் சரிசெய்கிறேன்.

2.8 பதிப்பில், ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 256 படிகள் மட்டும் தரும் 8 பிட் மட்டுமே இருந்தது. நான்கைந்து திருத்தங்களுக்குப் பிறகு ஹிஸ்டோகிராம் சீப்புப் பற்களைப் போலப் பிளந்து, வெற்று உடல் பகுதியில் கோடுகோடாகப் படிகள் தெரியும். 2018இல் வந்த 2.10, 16 பிட்டும் 32 பிட்டும் தந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. என் பழைய மடிக்கணினியில் 32 பிட் திணறுகிறது. 16 பிட்டே போதும்.

2025 மார்ச்சில் வந்த 3.0தான் வேலையின் போக்கையே மாற்றியது. முன்பு லெவல்ஸுக்கு ஓகே கொடுத்தால் அது படத்தில் ஊறிவிடும். மறுநாள் பிழை தெரிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது ஒவ்வொரு திருத்தமும் லேயரின் (பட அடுக்கின்) மேல் தனியாக நிற்கிறது. கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும், அந்த ஹியூ எண்ணைத் தொட்டு மாற்றலாம். அப்பா சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் சிவப்பு" என்று சொல்லச் சொல்ல நான் நகர்த்துகிறேன். இதற்காகவே புதிய பதிப்புக்கு மாறலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

குறை ஒன்று உண்டு. அச்சுக்கான சிஎம்ஒய்கே (சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு) நிறங்களில் நேரடியாக வேலை செய்ய இன்னும் வழியில்லை. அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டிப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம், அவ்வளவுதான். துண்டுப் பிரசுரம் அடிக்கும்போதெல்லாம் இது உறுத்துகிறது.

மயில்கழுத்துச் சேலைக்கு மட்டும் எந்தக் கருவியும் உதவவில்லை. நீளவாட்டு நூலான பாவு நீலம், குறுக்கு நூலான ஊடை பச்சை. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. எந்த நிறத்துக்குத் திருத்துவது? திருத்துவதை நிறுத்திவிட்டேன். சாம்பல் அட்டையோடு மூன்று கோணங்களில் எடுத்து, மூன்று படங்களையும் ஏற்றி, எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதிவிடுகிறேன்.