‘சத்தமே வராது’ என்று சொல்லி விற்ற கேசிங்: ஈப்போ பக்கம் கணினி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

புதிதாகக் கணினி அசெம்பிள் செய்யப் போகிறவர்கள், அதிலும் சத்தம் இல்லாத கணினி வேண்டும் என்று தேடுகிறவர்கள், காசை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஈப்போவில் ஒரு கடையில் 389 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ‘சைலண்ட் கேசிங்’ (பாகங்களை உள்ளே வைத்து மூடும் கணினிக் கூடு) ஒன்றை வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதவில்லை, புகார் விசாரணைக்குப் போயிருக்கிறது. ஆனால் அங்கே செய்ததை எந்தக் கடையிலும் செய்யலாம். அதனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுசாகச் சொல்கிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வயதானவர்களில் பாதிப் பேர் சுற்றுத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் பிறந்து, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். நான்கு வருடமாக அவர்கள் பேச்சைப் பதிவு செய்து எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். விடிவதற்கு முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் நின்றது, மழை வந்தால் மரத்து மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) இருந்த பால் வீணானது, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியது, தாலாட்டு, ஒப்பாரி, தோட்டத்து மாரியம்மன் திருவிழா. 1960இல் எங்கள் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்குப் பணம் கட்டியதை இன்றைக்கும் சொல்லிச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குரல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

மைக் கணினியோடுதான் இணைந்திருக்கிறது. வீடு சின்னது, முன்கூடத்தில் பேசுகிறவருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். சில்வண்டு, கோழி, தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி எல்லாம் பதிவில் இருக்கட்டும், அது இந்த ஊரின் சத்தம். கணினியின் இரைச்சல் மட்டும் இருக்கக் கூடாது. பழைய கணினி படுத்துவிட்டதும் அண்ணன் மகன் பாகங்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தான். 65 வாட் பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பழைய 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கட்டும். கேசிங் மட்டும் நீங்களே பார்த்து எடுங்கள் அத்தை என்றான்.

கடையில் இருந்த பையன் நம் பிள்ளைதான். நல்ல மரியாதையாகப் பேசினான். “அக்கா, இதுல நாலு பக்கமும் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கு. சத்தம் வெளிய வரவே வராது. ஸ்டூடியோக்காரங்க எல்லாம் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க” என்றான். பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினான். சாம்பல் நிற ஸ்பாஞ்சு, விரல் தடிமனில், மூலை வரைக்கும் ஒட்டியிருந்தது. பெட்டியில் ‘25 டெசிபெல்’ என்று ஒரு ஸ்டிக்கர். “தம்பி, நான் வயசானவங்க குரலைப் பதிவு செய்யறேன், மைக் பக்கத்துலயே இருக்கும், ஒத்து வருமா?” என்று கேட்டேன். “நம்பி எடுங்கக்கா” என்றான். விசிறியை ஓட விட்டான். ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கு மேலே ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது, கதவைத் திறந்தால் மெயின் ரோடு. அங்கே எது ஓடினாலும் கேட்டிருக்காது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அடுத்த வாரம் 84 வயதுப் பாட்டி ஒருவரை உட்கார வைத்துப் பதிவு தொடங்கினேன். மத்தியானம், தகரக் கூரை, கூடத்தில் 33 டிகிரி. அவர் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று காற்றாடியையும் நிறுத்தியிருந்தேன். பத்து நிமிடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அவர் தன் அம்மா பாடிய தாலாட்டை எடுத்து இரண்டாவது அடிக்குப் போகும்போது கணினிக்குள் இரைச்சல் ஏற ஆரம்பித்தது. பாட்டி பாட்டை நிறுத்திவிட்டு, “ஏம்மா, எங்கயோ மில்லு ஓடுதே?” என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பதிவில் குரலுக்கு அடியில் அந்த மில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மென்பொருளில் போட்டு இரைச்சலைக் கழித்துப் பார்த்தேன். கழிக்கக் கழிக்கக் குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல ஆனது. பாட்டி இப்போது கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார்.

அன்று சாயங்காலம் அண்ணன் மகன் வந்தான். முதல் வேலையாகப் பக்கத் தகட்டைக் கழற்றினான். நம்பவே முடியவில்லை, ஐந்து நிமிடத்தில் சத்தம் குறைந்துவிட்டது. மூடியிருந்தபோது பிராசசர் 91 டிகிரி, அதன் விசிறி நிமிடத்துக்கு 1,900 சுற்று. திறந்த பிறகு 76 டிகிரி, 1,150 சுற்று. “அத்தை, மூடினா சத்தம் கூடுது, திறந்தா குறையுது. அப்படின்னா இது சத்தத்தை அடைக்கலை, காத்தை அடைக்குது” என்றான். இந்தச் சோதனையை எல்லாரும் வீட்டிலேயே செய்யலாம். மூடியைக் கழற்றியதும் சூடு இவ்வளவு இறங்கினால் உங்கள் கேசிங்குக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

காற்று ஏன் போகவில்லை என்று பார்க்க ஸ்பாஞ்சின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். சூட்டில் பசை இளகியிருந்தது, ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. அடியில் வரிசை வரிசையாகத் துளைகள்! தகட்டில் காற்றுப் போக அந்தக் கம்பெனியே போட்ட துளைகளை மூடி, மேலே இரட்டைப் பக்க டேப்பில் ஸ்பாஞ்சை ஒட்டியிருக்கிறார்கள். முன்பக்கமும் அப்படித்தான், விசிறி காற்றை இழுக்கும் இடுக்கில் முக்கால்வாசி அடைப்பு. பெட்டியில் இருந்த ‘25 டெசிபெல்’ ஸ்டிக்கரையும் சுரண்டினேன். கீழே வேறொரு மாடல் பெயர், சைலண்ட் என்ற சொல்லே இல்லை. அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தால் 129 வெள்ளிக்கு விற்கிற சாதாரண கேசிங். மீதி 260 வெள்ளி ஸ்பாஞ்சுக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஸ்பாஞ்சு சாமான் அசையாமல் இருக்கப் பெட்டிக்குள் வைத்து வரும் சாதாரண ஸ்பாஞ்சு. ஒரு துண்டைக் கிள்ளி, வாசலில் சிமெண்டுத் தரையில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். பற்றிக்கொண்டு, உருகிச் சொட்டியது. இதைப் பவர் சப்ளைக்குப் பக்கத்தில் ஒட்டி, மாதக்கணக்கில் ஓட விடச் சொல்லியிருக்கிறார்கள். காசு போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

சத்தத்தை அடக்க நிஜமாகவே கேசிங் செய்கிறவர்கள் இப்படிச் செய்வதில்லை. 2005இல் ஆண்டெக் கொண்டுவந்த பி180 மாடலில் பக்கத் தகட்டையே மூன்று அடுக்காகச் செய்தார்கள், பவர் சப்ளையை வைக்க அடிப்பகுதியில் தனி அறை கொடுத்தார்கள். சுவீடனின் ஃபிராக்டல் டிசைன் கம்பெனி டிஃபைன் வரிசையில் தகட்டின் உட்புறம் கனமான, அடர்த்தியான விரிப்பை ஒட்டுகிறது. கனம் இருந்தால்தான் தகடு அதிராது. மெல்லிய ஸ்பாஞ்சு கீச்சென்ற சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், அடித்தொண்டையில் உறுமுகிற சத்தத்தை ஒன்றும் செய்யாது. அந்த டிஃபைன் கேசிங்கிலும் மேல் துளைகளை மூடித்தான் வைத்திருப்பார்கள், ஆனால் காற்று வரவும் போகவும் வேறு வழி விட்டுவிட்டுத்தான் மூடுவார்கள். திறப்பை மூடுவது தப்பில்லை, வழியே இல்லாமல் மூடுவதுதான் தப்பு.

எங்கள் ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம். உள்ளே காற்று இல்லையென்றால் விசிறி வேகம் எடுத்தே ஆகும். விசிறியின் சுற்றைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் குறைகிறது, 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதியானது போல இருக்கும். ஆக, சத்தமில்லாத கணினி என்றால் பெரிய விசிறி மெதுவாக ஓடி வேண்டிய காற்றைக் கொடுக்கிற கணினி. எனக்குக் கொடுத்த கேசிங்கில் மூன்று கலர் லைட் விசிறிகள் இருந்தன. மூன்றும் பவர் சப்ளையின் பெரிய மோலெக்ஸ் பிளக்கில் நேராகச் செருகியவை, எப்போதும் 12 வோல்ட், எப்போதும் முழு வேகம். மதர்போர்டில் (பாகங்களை இணைக்கும் முதன்மைப் பலகையில்) செருகும் நாலு பின் விசிறியாக இருந்தால் சூட்டுக்குத் தகுந்தபடி வேகம் கூடிக் குறையும். வாங்கும்போது ஒயரின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள், இதற்குக் கணினிப் படிப்பு எதுவும் தேவையில்லை.

இன்னொன்றையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். விசிறி எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் ‘ம்ம்ம்’ என்று ஓர் அதிர்வு. மேசையில் கை வைத்தால் உள்ளங்கையில் தெரிந்தது. ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு 120. அதைத் தகட்டோடு இரும்பு ஸ்குரூ போட்டு இறுக்கினால் அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வைக் கேசிங் முழுதும் வாங்கிக்கொண்டு பாடும். நல்ல கேசிங்கில் நடுவே ரப்பர் வளையம் கொடுத்திருப்பார்கள். இதில் இல்லை. தகடும் அரை மில்லி தடிமன்தான், விரலால் தட்டினால் தகர டின் மாதிரி ‘டங்’ என்றது.

டெசிபெல் ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தூரத்தில் அளந்தது, விசிறி எந்த வேகத்தில் ஓடும்போது அளந்தது என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பே இல்லை. காலிக் கேசிங்குக்குச் சத்தம் கிடையாது, உள்ளே வைக்கிற பாகங்களுக்குத்தான் சத்தம். வெறும் கேசிங்கில் ‘25 டெசிபெல்’ என்று பார்த்தால் அது எதன் சத்தம் என்று கேளுங்கள்.

சரி, கடைக்குத் திரும்பிப் போனேன். அந்தப் பையன் கண்ணைப் பார்க்கவில்லை. முதலாளி வந்தார். ஸ்பாஞ்சை நான் உரித்துவிட்டதால் பொருள் சேதம் என்றார், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டினார். துளைகளை மூடியது யார் என்று கேட்டேன். “அது மோடிஃபை பண்ணிக் கொடுக்கறது, எல்லாரும் கேக்கறாங்க” என்றார். அப்படியானால் மோடிஃபை செய்தது என்று ரசீதில் ஏன் எழுதவில்லை, வேறு மாடல் பெயரை ஏன் மறைத்தீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. பாதி விலைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

‘திரும்பப் பெறப்படாது’ என்ற வரியைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் பேசாமல் போய்விடுகிறார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருள் விற்பவர் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும், வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த வேலைக்கு உதவ வேண்டும். ரசீதில் ஒரு வரி அச்சடித்து இந்த உரிமையை ரத்து செய்ய முடியாது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க 5 வெள்ளிதான், வக்கீல் வைக்க வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆன்லைனிலேயே முதல் படிவத்தை நிரப்பிவிட்டேன். எனக்குக் கைகொடுத்தது ஒரு வாட்ஸ்ஆப் செய்தி. வாங்குவதற்கு முந்தின நாள், குரல் பதிவுக்குச் சரிவருமா என்று அந்தக் கடை எண்ணுக்கு எழுதிக் கேட்டிருந்தேன், “கண்டிப்பா, சத்தமே வராது” என்று பதில் வந்திருந்தது. வாயால் பேசினதை மறுத்துவிடலாம். எழுதிக் கேளுங்கள், பதிலை அழித்துவிடாதீர்கள்.

இப்போது வேறு இடத்தில் 270 வெள்ளிக்கு ஒரு கேசிங் எடுத்திருக்கிறோம். அதில் சைலண்ட் என்று எங்கும் எழுதவில்லை. முன்பக்கம் முழுதும் வலை, துவைத்து மாட்டக்கூடிய தூசி வடிகட்டி, இரண்டு 140 மில்லிமீட்டர் நாலு பின் விசிறிகள். இங்கே செம்மண் தூசி அதிகம், வடிகட்டி அடைத்தாலும் விசிறி கத்தும், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காய வைக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டான் அண்ணன் மகன், சுற்றுகிற பாகமே இல்லாததால் அந்த ‘ம்ம்ம்’ போயே போய்விட்டது. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஏர்கோனை அரைமணி நேரம் நிறுத்தச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் நிறுத்தினார், அங்கேயே ஒரு கணினியைப் பொருத்தி ஓட விட்டுக் காதை வைத்துக் கேட்டோம்.

பாட்டி தீபாவளிக்கு ஊருக்கு வருவார். அந்தத் தாலாட்டை மறுபடியும் பாடச் சொல்லிப் போனில் கேட்டிருக்கிறேன், பாடுகிறேன் என்றார். உரித்த ஸ்பாஞ்சு, துளையுள்ள தகடு, சுரண்டிய ஸ்டிக்கரோடு பெட்டி எல்லாவற்றையும் ஓர் உரச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி வந்ததும் அந்தச் சாக்கை அப்படியே தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போவேன்.