புள்ளி இந்தியா: ஐந்து வருடம் வைத்திருந்த பிறகு

போன வாரம் எங்கள் கடையின் டொமைன், அதாவது இணைய முகவரி, ரினியூவலுக்குப் பணம் கட்டிய அன்றே தங்கச்சி மகன் கூப்பிட்டான். கருப்பட்டி விற்க வெப்சைட் போடுகிறானாம். "மாமா, டாட் காம் வாங்கட்டுமா, டாட் இன்னா, இல்ல உங்கள மாதிரி தமிழ்லயே வாங்கிடட்டுமா?" என்றான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மரச்செக்குக் கடைக்கு ஐந்து வருடமாகத் தமிழ் முகவரிதான். பெயரும் தமிழ், கடைசியில் ".இந்தியா". 2011இல் முகவரியின் கடைசிப் பகுதியைச் சொந்த எழுத்திலேயே வைக்க ஏழு இந்திய மொழிகளுக்கு ஒப்புதல் கிடைத்தபோது இந்தி, தெலுங்கு, குஜராத்திக்கெல்லாம் 'பாரத்' வந்தது, நமக்கு 'இந்தியா'. ".இலங்கை", ".சிங்கப்பூர்" கூட உண்டு.

என்னைப் படுத்துவது ஒரே விஷயம். இணையத்தின் முகவரிப் புத்தகத்துக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் இணைப்புக்கோடும்தான் புரியும். தமிழில் எதை எழுதினாலும் உள்ளே வேறொன்றாக மாறிவிடும். ".இந்தியா" மட்டுமே "எக்ஸ் என், இரண்டு கோடு, எக்ஸ் கே சி 2 டி எல் 3 ஏ 5 இ இ 0 எச்" ஆகிறது. அதற்கு முன்னால் கடைப் பெயர் வேறு. பிரவுசரில் அழகான தமிழாகத் தெரியும். காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் இந்த எழுத்துக் குவியல் வந்து விழும். ஒரு தீபாவளிக்கு நல்லெண்ணெய் விலைப்பட்டியலை அப்படியே அனுப்பிவிட்டேன். மூன்று பேர் "உங்க போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று கூப்பிட்டார்கள். வருடக்கணக்காக வாங்கும் ஒரு அம்மா என்னை பிளாக் செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் கையால்தான் டைப் செய்து அனுப்புகிறேன்.

அப்புறம் படிவங்கள். ஆன்லைனில் பணம் வாங்கும் வசதிக்கு விண்ணப்பித்தால், வெப்சைட் முகவரி தவறு என்று சிவப்பில் காட்டியது. அந்த நிறுவனத்திலிருந்து பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டார், அவர்களுடைய மென்பொருள்தான் ஏற்கவில்லை. அதற்காகவே ஒரு டாட் இன் வாங்கி, மின்னஞ்சலையும் அதில் வைத்தேன்.

எழுத்துப்பிழைச் சிக்கலும் உண்டு. பாதிப் பேர் 'எண்ணெய்' என்பதை 'எண்ணை' என்று அடிக்கிறார்கள். அதையும் வாங்கிப் போட வேண்டியதாயிற்று. ஆனால் டாட் இன் பெயரில் 'செக்கு'வுக்கு எஸ்ஸா, சிஎச்சா என்று இன்றைக்கும் நாளுக்கு ஒருவர் கேட்கிறார். தமிழ் முகவரியில் அந்தக் கேள்வியே வந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஐந்து லிட்டர் டின்னில் விலைக்குக் கீழே இந்த முகவரி அச்சாகியிருக்கிறது. கடலை ஆட்ட வந்த ஒரு பெரியவர் டின்னைத் தூக்கி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, முகவரியை முழுசாக வாய்விட்டுப் படித்தார். புள்ளியைக்கூட விடாமல் "புள்ளி இந்தியா" என்றார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். அங்கேயே பேத்திக்குப் போன் போட்டு, "இதை அடி கண்ணு" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஒரு வெப்சைட் முகவரியை அவர் தானே படித்து இன்னொருவருக்குச் சொல்கிறார். கல்லாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அன்று முழுவதும் அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். நீ டாட் இன் வாங்கு, டாட் காம் கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்கு. முதல் வருடம் மலிவாகக் காட்டும் புதுப் புது எக்ஸ்டென்ஷன்களில் (டாட் இன் போல முகவரியின் கடைசியில் வருபவை) கை வைக்குமுன் ரினியூவல் விலையைப் பார், பல மடங்கு இருக்கும். வெப்சைட் செய்கிறவர் பெயரில் பதியவிடாதே, உன் பெயரில், உன் மின்னஞ்சலில் பதி. தமிழ் முகவரி இப்போதைக்கு வேண்டாம். முதல் வருடத்திலேயே உன் லிங்க்கைப் பார்த்து வாடிக்கையாளர் பயந்தால் உனக்குத் தாங்காது.

என்னுடையதை இன்னும் ஐந்து வருடத்துக்குக் கட்டிவிட்டேன். புது டின் லேபிள் அச்சுக்குப் போயிருக்கிறது. தமிழ் முகவரி மேலே பெரிதாக, டாட் இன் அதற்குக் கீழே சின்னதாக.