பாயா, மார்பா, மடியா? பச்சிளங்குழந்தையைக் குப்புறக் கிடத்த ஏற்ற இடம்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையை, அது விழித்திருக்கும் வேளையில், பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க, நாள்தோறும் சிறிது நேரம் குப்புறக் கிடத்த வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் இப்போது தவறாமல் அறிவுறுத்துகிறார்கள். ஆனால் எதன்மேல் கிடத்துவது என்பதில் பெற்றோருக்குத் தெளிவு கிடைப்பதில்லை. தரையில் பாய் விரித்துக் கிடத்துவோர், மார்பின்மேல் போட்டுக்கொள்வோர், மடியில் குறுக்கே கிடத்துவோர், துண்டையோ தலையணையையோ முட்டுக் கொடுப்போர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. இவர்களுக்கு எதிரே, கிடத்தவே வேண்டாம், தானாகக் குப்புற விழும்போது விழட்டும் என்னும் கட்சியும் வலுவாகவே நிற்கிறது.

இந்தப் பயிற்சிக்கு இத்தனை அழுத்தம் வந்ததற்குத் தூக்கத்தைப் பற்றிய ஒரு மாற்றமே காரணம். குப்புறத் தூங்கும் குழந்தைகளிடையே திடீர் மரணங்கள் மிகுதி என்பது தெரிந்தபின், 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குழந்தைகளைக் குப்புறத் தூங்கவைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 1994இல் மல்லாந்த தூக்கத்தை வலியுறுத்தும் நாடு தழுவிய இயக்கமும் அங்கே தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதே வேளையில், இரவும் பகலும் மல்லாந்தே கிடந்த குழந்தைகளுக்குப் பின்மண்டை தட்டையாவதும் மருத்துவர்களின் கண்ணில் அதிகமாகப் பட்டது. ஆகவே தூக்கம் மல்லாந்து, விளையாட்டு குப்புற என்று இரண்டையும் பிரித்தார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு வந்த நாள் முதல் தினமும் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு 3 முதல் 5 நிமிடம் என்று தொடங்கி, ஏழாவது வாரத்துக்குள் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை கொண்டுவரலாம் என்பது அக்கழகத்தின் வழிகாட்டுதல். இன்னும் தவழாத குழந்தைக்கு நாள் முழுவதிலுமாகப் பிரித்துக் குறைந்தது 30 நிமிடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது.

‘தானாக விழட்டும்’ என்னும் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வது முறை, ஏனெனில் அது ஏற்கப்பட்டால் மற்ற ஒப்பீடு எதற்கும் வேலையில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே சொல்வதும் அன்று இது. ஹங்கேரி நாட்டுக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர், 1946இல் புடாபெஸ்ட் நகரில் தாம் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், ஒரு குழந்தை தானாக அடைய முடியாத எந்த நிலையிலும் அதை வைக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பான நெறியாகவே கொண்டிருந்தார். குழந்தைகளை மல்லாத்திக் கிடத்துவார்கள், அவை புரண்டு விழும்வரை காத்திருப்பார்கள். மல்லாந்து தூங்கும் குழந்தைகள் புரள்வதிலும் தவழ்வதிலும் சற்றுப் பிந்தினாலும் நடக்கத் தொடங்கும் வயதில் வேறுபாடில்லை என்று அமெரிக்க ஆய்வொன்று 1998இல் கண்டறிந்தது, குப்புறக் கிடத்தாவிட்டால் நடை தாமதமாகும் என்று மிரட்டுவோருக்குப் போதுமான விடை. இருப்பினும் பிக்லரின் முறையில் குழந்தைக்கு உறுதியான, விரிந்த தரையும் தடையற்ற அசைவும் கிடைத்தன. நம் வீடுகளில் அதே குழந்தை பகலில் பெரும்பகுதியைத் தூளியிலும், கைகளிலும், பவுன்சர் இருக்கையிலும் கழிக்கிறது. காத்திருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு தரையை விட்டுவிட்டால் அது அரைகுறையாகவே முடியும். பின்மண்டை ஓயாமல் அழுந்துவதற்கும் காத்திருப்பு பரிகாரம் ஆகாது. எனவே என் தீர்ப்பு, கிடத்த வேண்டும் என்பதன் பக்கமே.

முதல் சில வாரங்களுக்கு மார்பை மிஞ்சிய இடம் இல்லை. பச்சிளங்குழந்தையின் இடுப்பும் முழங்கால்களும் கருவிலிருந்த மடிப்பிலேயே இருப்பதால், சமதரையில் கிடத்தினால் பிட்டம் மேலெழுந்து உடற்பாரம் முழுவதும் கன்னத்திலும் மார்பிலும் இறங்குகிறது. தலையைத் தூக்குவது அப்போது மிகக் கடினம். தாயோ தந்தையோ பாதி சாய்ந்து அமர்ந்து குழந்தையை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டால், அந்தச் சாய்வே சுமையைக் குறைக்கிறது. குரல் கேட்ட திசையில் முகத்தைத் தூக்கிப் பார்க்கும் ஆசையும் குழந்தைக்கு எழுகிறது. வாரங்கள் செல்லச் செல்லப் பெரியவர் தம் சாய்வைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துக்கொண்டே வந்தால், பயிற்சியும் அதே அளவில் கடினமாகிக்கொண்டு வரும். இவ்வளவு நுட்பமாகக் கூட்டிக் குறைக்கும் வசதி வேறு எந்த முறையிலும் இல்லை. குறை ஒன்று உண்டு, அது பெரிய குறை: இருவருமே தூங்கிவிடுவது. தூக்கம் கெட்ட தாய் சோபாவில் சாய்ந்தபடி குழந்தையோடு கண்ணயர்வது மிகவும் ஆபத்தானது. குழந்தை கண் செருகத் தொடங்கியதும் எடுத்து மல்லாத்திக் கிடத்திவிட வேண்டும். பெரியவருக்கே கண் சுழன்றால் அந்த வேளையில் இதை மேற்கொள்ளவே கூடாது.

மடி, மார்புக்கும் தரைக்கும் இடைப்பட்டது. நாற்காலியில் அமர்ந்து தொடைகளின் குறுக்கே கிடத்தி, தலைப்பக்கத்து முழங்காலைச் சற்று உயர்த்தி, பிட்டத்தில் உள்ளங்கையை மெல்ல அழுத்தி வைத்தால் பாரம் பின்னுக்கு நகர்ந்து தலை எளிதாக எழும். வயிற்றில் காற்று சேர்ந்து முனகும் குழந்தைக்கு இது இதமாகவும் இருக்கும். ஆனால் கைகள் தொடையின் ஓரத்தில் தொங்கிவிடுவதால் முழங்கை ஊன்றும் பழக்கம் இதில் வராது. பாட்டிமார் காலை நீட்டி அமர்ந்து, கணுக்கால்களுக்கு மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் சிலர் இக்கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த நிலை குழந்தைக்குப் பழகிப்போக அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் எண்ணெயும் தண்ணீரும் வழியும் கால்களில் குழந்தை தாங்கப்படுகிறதே தவிரத் தானாக எதையும் ஊன்றுவதில்லை. 30 நிமிடத்தில் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தைக் கழித்துக்கொள்ள வேண்டாம்.

துண்டைச் சுருட்டி மார்புக்கடியில் வைப்பது நல்ல உதவி, அளவு சரியாக இருந்தால் மட்டும். சுருள் அக்குளுக்குக் கீழே அமைந்து, கைகள் அதற்கு முன்னால் வந்து, முழங்கைகள் தோளுக்கு நேர்கீழே தரையைத் தொட வேண்டும். சுருள் தடித்துவிட்டால் கைகள் அந்தரத்தில் நிற்கும், அல்லது தலை முன்னால் கவிழும். பாலூட்டும் பிறைத் தலையணைகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. மென்மையான பஞ்சில் மூக்கு புதையும் ஆபத்தும் சேர்கிறது. தலையணையின்மேல் குழந்தையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வருவது ஒரு நிமிடமே ஆனாலும் கூடாது. மெத்தைக்கும் இதே குறை: ஊன்றிய முழங்கை உள்ளே அமிழ்ந்துவிடும்.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின் தரைதான். கெட்டியான தளம் கொடுக்கும் எதிர்விசையை மார்போ மடியோ கொடுக்காது; முழங்கையை ஊன்றித் தோளை உயர்த்துவதும், ஒரு கையில் பாரத்தை மாற்றி மறுகையைப் பொம்மைக்கு நீட்டுவதும் அதில்தான் கைவரும். பிள்ளைத்தமிழ் ஐந்தாம் மாதத்துக்கு வைத்த செங்கீரைப் பருவம், கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலை நிமிர்த்தி ஆடும் குழந்தையையே பாடுகிறது. அந்த ஆட்டத்துக்கு வேண்டிய வலு முழுவதும் தரையில் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். கோரைப்பாய் கன்னத்தை உறுத்துமாதலால் அதன்மேல் பருத்திப் புடவையை மடித்துச் சுருக்கமின்றி விரித்தால் போதும். விலை உயர்ந்த விளையாட்டு விரிப்பு கட்டாயமில்லை. ரப்பர் ஷீட் மட்டும் விரித்தால் வியர்க்கும். காலுறையைக் கழற்றிவிட்டால் பாதம் பிடிமானம் கொள்ளும். பால் குடித்த உடனே கிடத்தினால் கக்கும் என்பதால் அரைமணி கழியட்டும். தரையின் உண்மையான குறை அழுகைதான். பெரியவரும் எதிரே குப்புறப் படுத்து முகத்துக்கு நேர் முகமாகப் பேசினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் தூக்கிக்கொண்டு, சிறிது நேரம் கழித்து மீண்டும் கிடத்தலாம். ஒரே மூச்சில் பத்து நிமிடம் அழவிடுவதைக் காட்டிலும் டயப்பர் மாற்றும்போதெல்லாம் ஒரு நிமிடம் கிடத்துவது மேல்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதியைக் கொண்டல்லாமல் பிரசவத்துக்குக் குறிக்கப்பட்ட தேதியிலிருந்து எண்ணி இந்த வயதுக் கணக்கைக் கொள்ள வேண்டும். மார்பிலிருந்து தரைக்கு மாறுவதும் அதற்கேற்பப் பிந்தும். எங்கே கிடத்தினாலும் தலை ஒரே பக்கமாகவே திரும்பியிருந்தாலோ, மண்டையின் ஒரு புறம் மட்டும் தட்டையாகிக்கொண்டு வந்தாலோ, மூன்று மாதம் நிறைந்தும் தலையைத் தூக்கும் முயற்சியே தென்படாவிட்டாலோ, பாயை விட்டு மடி, மடியை விட்டுத் தலையணை என்று மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல், அடுத்த தடுப்பூசித் தேதிக்கும் காத்திராமல், குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.