சொரசொரக் கறுப்பு: நாலு ஜோடி பாக்ஸ், எட்டு வருடம்

எங்களிடம் இருப்பது சின்ன சவுண்ட் சர்வீஸ் செட்தான். 15 இன்ச் ஸ்பீக்கர் போட்ட டாப் பாக்ஸ் (பாட்டும் பேச்சும் வருவது) நாலு, 18 இன்ச் போட்ட பேஸ் பாக்ஸ் (அடிச்சத்தம் வருவது) நாலு. எல்லாமே பிளைவுட் வாங்கி, ஆசாரியை வைத்து வீட்டு முற்றத்தில் அடித்தவை. கையில் காசு சேரச் சேர, 2017இல் ஒரு ஜோடி, அப்புறம் ஒரு ஜோடி என்று அடித்ததால் ஒவ்வொரு ஜோடிக்கும் வெளிப்பூச்சு வேறு வேறு. மேடையோரம் வரிசையாக நிறுத்தினால் நாலு பேரிடம் இரவல் வாங்கி வந்த மாதிரி இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே வண்டியில் ஏறி, ஒரே வெயிலில் காய்ந்து, ஒரே மழையில் நனைந்தவை. எந்தப் பூச்சு தாங்குகிறது, எது காலை வாருகிறது என்பது இதற்குள் தெரிந்துவிட்டது. புதிதாக பாக்ஸ் அடிக்கிற தம்பிகள் அடிக்கடி கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

முதல் ஜோடி டாப்புக்குக் கார்பெட். அப்போது எங்கள் பக்கம் எல்லோரும் அதைத்தான் ஒட்டினார்கள். பட்டி பார்க்க வேண்டாம், ராவ வேண்டாம், ஆசாரி விட்ட இடுக்கெல்லாம் மறைந்துவிடும். கல்யாண மண்டபத்துக்குள் மட்டும் ஓடுகிற செட்டுக்கு இப்போதும் கார்பெட்டைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு வருவதில் பாதி அம்மன் கோயில் திருவிழா. திருநீறும் மஞ்சள் தண்ணீரும் ஏறினால் இறங்காது. வெடி போடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்ற பாக்ஸில் பொறி பட்ட இடமெல்லாம் சுருண்டு கட்டி கட்டியாகிவிட்டது. ஒரு ஆடியில் பந்தல் ஒழுகி ராத்திரி முழுக்க நனைந்தது. மறுநாள் குடோனில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. மூன்று நாள் வெயிலில் போட்டும் அந்த நாற்றம் போகவில்லை. ஒரு மாதம் கழித்துக் கீழ் ஓரத்தை உரித்துப் பார்த்தால், பிளை வீங்கிப் பாளம் பாளமாகப் பிரிந்து கிடக்கிறது. கார்பெட் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரத்தை மரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். காசை மிச்சம் பிடிக்கச் சாதாரண கமர்ஷியல் பிளை வாங்கியது என் தப்பு. அதற்கப்புறம் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளை மட்டும்தான்.

இரண்டாவது, முதல் ஜோடி பேஸ். இதற்கு வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கிற சொரசொரப்பான டெக்ஸ்சர் பெயிண்ட். யோசனை என்னுடையதுதான், யாரையும் பழி சொல்ல முடியாது. வெள்ளையில் கறுப்பு ஸ்டெய்னரை (நிறம் ஏற்றும் சாயம்) எவ்வளவு ஊற்றினாலும் யானைச் சாம்பலைத் தாண்டவில்லை. மேலே கறுப்பு எமல்ஷன் அடித்துச் சமாளித்தோம். முதல் மாதம் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் சுவரை யாரும் குட்டியானையில் ஏற்றி இறக்குவதில்லை. மூலை ஒவ்வொன்றும் இடிபட இடிபடச் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. உள்ளே இருக்கும் மணல் துகள் தூக்குகிறவன் முழங்கையைச் சிராய்க்கும். "அண்ணே, இது பாக்ஸா, கொத்தி வெச்ச அம்மியா?" என்று லோடு ஏற்றும் பையன் கேட்டான். ஒரே வருடத்தில் சுரண்டி எடுத்துவிட்டு, இப்போதைக்குக் கறுப்பு எனாமலோடு நிற்கிறது.

இரண்டாவது ஜோடி பேஸுக்கு ரோஷம் வந்து பெரிய செலவு செய்தேன். பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள் அடிப்பார்களே, அந்த இரண்டு பாகப் பாலியூரித்தேன் பூச்சு. ராப்டர் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து, கம்ப்ரசரில் அதற்கென்று உள்ள ஸ்ப்ரே கன்னை மாட்டி அடிக்க வேண்டும். கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்துதான் அடித்தேன். கெட்டி என்று பார்த்தால் நாலில் இதுதான் முதல். ஒருமுறை பின்கதவு திறந்துகொண்டு ஒரு பேஸ் தார்ரோட்டில் விழுந்தது. மூலையில் மரம் நசுங்கிக் குழியாகிவிட்டது, மேலே இருந்த பூச்சு கிழியவில்லை.

அப்படியிருந்தும் இன்னொரு முறை அதை அடிக்க மாட்டேன். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்கு ஆகாது, ஆஸ்துமாவையே கொண்டுவந்துவிடும். அடித்தவர் மூக்கில் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. அன்றைக்கு எனக்கு விஷயம் தெரியாது, தெரிந்த பிறகு நினைத்தால் உறுத்துகிறது. இன்னொன்று, கைப்பிடி ஸ்க்ரூ ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி ஓரிடத்தில் பூச்சு தோல் மாதிரி தூக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய உப்புத்தாள் போட்டு, மறுபடி கலந்து, மறுபடி கன். ஒரு சாண் அகல வேலைக்கும் பாட்டிலைத் திறந்து கலக்க வேண்டும், கலந்ததில் மீந்தது இறுகிக் கல்லாகிவிடும். கடைசியில் ஒட்டுப்போட்டது ஒட்டுப்போட்டதாகவே தெரிகிறது.

நாலாவது, இரண்டாவது ஜோடி டாப். ஸ்பீக்கர் பாக்ஸுக்கென்றே விற்கும் தண்ணீர் வகை அக்ரிலிக் டெக்ஸ்சர் பெயிண்ட். ஜெர்மனியில் வார்னெக்ஸ், அமெரிக்காவில் டியூராடெக்ஸ், இங்கிலாந்தில் டஃப் கேப் என்று சொல்வதெல்லாம் இந்த இனம்தான். நான் வாங்கியது உள்ளூர்த் தயாரிப்பு. தேன்கூடு மாதிரி பொத்தல் உள்ள ஸ்பாஞ்ச் ரோலரால் அடிக்க வேண்டும். முதல் கோட்டைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லிசாக இழுத்துக் காயவிட்டேன், அது மரத்தின் வாயை அடைப்பதற்கு. இரண்டாவது கோட்டில்தான் சொரசொரப்பு. கெட்டியாக வைத்து, பரப்பி, சில நிமிடம் விட்டு, காலி ரோலரால் அமுக்காமல் ஒரே திசையில் மெதுவாக உருட்டினால் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும். அவசரப்பட்டு முன்னும் பின்னும் தேய்த்தால் நுரை மாதிரி குமிழி விழும். என் முதல் பாக்ஸின் இடது பக்கம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இதிலும் ஒரு அடி வாங்கினேன். சித்திரை மாதம், பெயிண்ட் அடித்த மூன்றாம் நாளே ஒரு நிகழ்ச்சி. தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. சரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பெல்ட் போட்டுக் கட்டி, மத்தியான வெயிலில் இரண்டு மணி நேர ஓட்டம். இறக்கும்போது மேல் பாக்ஸ் வரவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்ததும் டர்ரென்று ஒரு சத்தம். மேல் பாக்ஸின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உரிந்து, கீழ் பாக்ஸின் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் நெசவு வரி வரியாகப் பதிந்திருந்தது. தண்ணீர் ஆவியானதும் இந்தப் பெயிண்ட் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே இறுக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை சூட்டில் இளகும். இப்போதெல்லாம் இரண்டு வாரம் தனித்தனியாக நிறுத்திவிட்டுத்தான் அடுக்குகிறேன். அப்போதும் நடுவில் ரப்பர் கால் உண்டு.

எந்தப் பூச்சானாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கடைசி ஜோடி அடிக்கும்போது நான் பெயிண்ட் பெருமை பேசிக்கொண்டிருக்க, ஆசாரி, "தம்பி, பூச்செல்லாம் அப்புறம். முதல்ல விளிம்பை உருட்டிக்குவோம்" என்றார். மரம் செதுக்கும் ரூட்டர் மெஷினில் 6 மில்லிமீட்டர் ரவுண்ட் பிட் போட்டு எல்லா விளிம்பையும் உருட்டினார். கூர் விளிம்பில் பெயிண்ட் நிற்காது, வழிந்து மெல்லிசாகிவிடும், இடி விழுவதும் அங்கேதான். சுவர் டெக்ஸ்சர் அவ்வளவு சீக்கிரம் உதிர்ந்ததில் கால்வாசிப் பழி என் கூர் மூலைகளுக்கு. பிளையின் வெட்டு ஓரம் தண்ணீரை உறிஞ்சும் வாய் என்பதால் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்துப் பூசி, ராவி, இரண்டு தரம் பிரைமர் கொடுத்தோம். ஸ்பீக்கரின் வளையம் உட்காரும் இடத்திலும் கைப்பிடிப் பள்ளத்திலும் சொரசொரப்பு ஏறாமல் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே மேடுபள்ளம் இருந்தால் காற்று கசியும், பேஸ் அடிக்கும்போது புஸ் புஸ் என்று சத்தம் வரும்.

அந்தத் தண்ணீர் வகைக்கு இப்போது நாலு வருடம் ஆகிறது. பாலியூரித்தேனைவிடச் சுலபமாகக் கீறல் விழும், அதை மறைக்க மாட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் எங்கே இடித்தது என்று எண்ணிவிடலாம். இருந்தாலும் நாலில் பூச்சு ஒழுங்காகத் தெரிவது இந்த ஜோடிதான், ஏனென்றால் இதை மட்டும்தான் நாங்களே அவ்வப்போது சரிசெய்கிறோம். போன தை மாதம் பழைய கார்பெட்டை உரித்து, அடிப்பலகையை மாற்றி, அதற்கும் இதையே அடித்தோம். பழைய பசையைத் தின்னரும் சுரண்டியுமாக எடுக்கவே இரண்டு நாள் போனது. மீந்த பெயிண்ட் ஒரு ஊறுகாய் பாட்டிலில், மூடிக்கு அடியில் பாலித்தீன் வைத்து இறுக்கி, வண்டி டேஷ்போர்டில் கிடக்கிறது. கூடவே பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுற்றுகிற நேரத்தில் பையன் அடிபட்ட இடத்தைத் துடைத்து, ஸ்பாஞ்சால் தொட்டுத் தொட்டு ஒற்றிவிடுவான்.